எங்களுக்கு ஏன் இந்த வேலை, தம்பி?

போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் வீட்டில், அவுஸ்திரேலியாவுக்குத் தேசிய மனித உரிமைச் சட்டம் வேண்டும் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஒரு அண்ணர் சிரித்தார். "எங்களுக்கு ஏன் இந்த வேலை, தம்பி? எல்லாரும் சிற்றிசன் ஆகியாச்சு." அதற்குள் கொத்துரொட்டி வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

2004 இல் நாடற்ற பலஸ்தீனர் ஒருவரின் வழக்கில், திருப்பி அனுப்ப நாடே இல்லாவிட்டாலும் ஒருவரைக் காலவரையறையின்றி அடைத்து வைக்கலாம் என்று நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையில் இருந்த நீதிபதி மக்ஹியூவே இது துயரமான நிலைமை என்று எழுதினார். ஆனால் சட்டம் அப்படித்தான் என்றார். அந்தத் தீர்ப்பின் கீழேதான் எங்கள் ஈழத்து ஆட்களும் கிடந்தார்கள். அகதிகள் என்று அரசே ஏற்றுக்கொண்டவர்கள். உளவுத்துறை ஏசியோ பாதகமான அறிக்கை கொடுத்ததால் ஆண்டுக்கணக்கில் தடுப்பு முகாம். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்டால் அதையும் சொல்லமாட்டார்கள். 2013 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு 46 பேரின் முறைப்பாட்டை ஏற்று, அவுஸ்திரேலியா தான் ஒப்பமிட்ட மனித உரிமை உடன்படிக்கையை மீறியது என்றது. அவர்களில் பெரும்பாலானோர் ஈழத்தமிழர். ஆனால் ஜெனீவா சொல்வதைக் கன்பரா கேட்டே ஆகவேண்டும் என்றில்லையே!

விக்டோரியா மாநிலத்தில் 2006 இலேயே உரிமைச் சாசனம் வந்துவிட்டதே என்பீர்கள். குடிவரவு மத்திய அரசின் கையில். மெல்பேர்ண் பிராட்மெடோஸ் தடுப்பு முகாம் கேற்றைத் தாண்டி அந்தச் சாசனம் உள்ளே போகாது. அந்த 2004 தீர்ப்பை நீதிமன்றம் கைவிட 2023 நவம்பர் ஆனது.

சரி, அகதிகளை விடுவோம். அரசு உதவிப்பணம் எடுத்தவர்களிடம் மத்திய அரசு கடன் அறவிட்ட ரோபோடெட் திட்டத்தை அண்ணர் மறந்திருக்கமாட்டார். வருட வருமானத்தைக் கணினி சராசரியாகப் பிரித்துப் போட்டு, இல்லாத கடனைக் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. வாங்கியவர்களில் சிற்றிசன்தான் அதிகம். கடன் இல்லை என்று நிரூபிக்கும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது.

மனித உரிமைச் சட்டம் வந்தால் நீதிபதிகள் நாட்டை ஆள்வார்கள் என்று பயம்காட்டுகிறார்கள். 2024 மே மாதம் பாராளுமன்றக் குழு பரிந்துரைத்ததில் நீதிமன்றத்தால் எந்தச் சட்டத்தையும் ரத்துச் செய்ய முடியாது. என் பயம் நேர்மாறானது. குயின்ஸ்லாந்து மாநிலம் 2019 இல் தானே கொண்டுவந்த உரிமைச் சட்டத்தை 2023 இல் இரண்டு தடவை ஒதுக்கி வைத்தது. இரண்டு தடவையும் பிள்ளைகள் விஷயத்தில்: பிணை நிபந்தனையை மீறினால் குற்றம் என்றாக்க ஒரு தடவை, பொலிஸ் காவலறைகளில் அடைத்துவைக்க இன்னொரு தடவை. அவ்வளவு லேசாகக் கழற்றி வைக்கக்கூடிய சட்டமென்றால் எனக்கும் வேண்டாம்.

எங்கள் தொகுதி எம்.பி.க்கு இதையெல்லாம் எழுதி ஒரு கடிதம் தயார். அண்ணரிடமும் கையெழுத்துக் கேட்கப்போகிறேன், இந்தமுறை சாப்பாடு வருவதற்கு முன்னால்.