எச்-இண்டெக்ஸ் எவ்வளவு சார்?

பதவி உயர்வுப் படிவத்தில் 'எச்-இண்டெக்ஸ்' என்று ஒரு கட்டம். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு: ஓர் ஆய்வாளரின் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மற்றக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் எண் 10. சரி, இயற்பியலுக்கு ஓடும். நான் கல்வெட்டு படிக்கிறவன். ஒன்றைப் படியெடுத்து வாசிக்கவே ஒரு கோடை போய்விடும். அதைத் தமிழில் எழுதினால், மேற்கோள்களை எண்ணும் கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளத்தின் கண்ணில் படுவதே அபூர்வம். போதாததற்கு இனிஷியல் தொல்லை. முன்னால் போட்டால் ஓர் ஆள், பின்னால் போட்டால் இன்னோர் ஆள், அப்பா பெயரை விரித்தால் மூன்றாவது ஆள். மூவருக்கும் பிரித்துக் கொடுத்ததில் எனக்கு மிஞ்சியது 2. பக்கத்து அறைக்காரருக்கு 14. அவரும் நண்பர்களும் மொய் எழுதுவதுபோல மாறி மாறி மேற்கோள் வைத்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு மொய் நோட்டு வாங்கணும் போல.