சிங்க்கில் போன 120 மில்லி

கொட்டிவிட்டார்கள். பம்ப் வைத்து எடுத்த என் தாய்ப்பால், முழுசாக 120 மில்லி. கேட்டால், “திரிஞ்சு போயிருந்துச்சும்மா, அதான் ஊத்திட்டேன்” என்கிறார் பெரியம்மா.

திரியவில்லை! தாய்ப்பாலை ஃபிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு பிரிந்து மேலே ஏடாக நிற்கும், அடியில் நீர்த்துத் தெரியும். அதன் இயல்பே அதுதான். பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் மறுபடி கலந்துவிடும். 4 நாள் வரை ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுக்கலாம். இது முந்தின ராத்திரி எடுத்த பால். தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தேன். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டு, பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்து சொன்னார். நான் பேச்சற்று நின்றபோது அடுத்தது வந்தது: “நேரா குடுத்தா இந்த வம்பே இல்லைல்ல? இப்பல்லாம் மெஷின்ல எடுக்கிறது சுலபம்னு எல்லாரும் அதையே பிடிச்சுக்கிறீங்க.”

சுலபமா? யாருக்கு?

அந்த 120 மில்லி எப்படி வந்தது என்று சொல்கிறேன். குழந்தை தூங்குகிறது, வீடே தூங்குகிறது, நான் மட்டும் அலாரம் வைத்து எழுந்தேன். ராத்திரி எடுக்காமல் விட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், அப்புறம் சுரப்பே குறையும். மார்பில் வைக்கிற புனல், வால்வு, டியூப் எல்லாவற்றையும் அரைத்தூக்கத்தில் மாட்டினேன். வால்வு சரியாக உட்காரவில்லை, இழுவை இல்லை. கழற்றி மறுபடி மாட்டினேன். மெஷின் ஓடுகிறது, பால் வரவில்லை. வராது! பால் இறங்க ஆக்சிடோசின் என்கிற ஹார்மோன் சுரக்க வேண்டும். குழந்தையின் வாய், சூடு, வாசனை, அதன் அழுகைச் சத்தம்கூட அதைச் சுரக்க வைக்கும். மோட்டாருக்கு அந்த உறவு எதுவும் கிடையாது. பதற்றமோ வலியோ இருந்தால் இன்னும் தாமதம்தான். தூங்குகிற பிள்ளையின் போட்டோவைப் போனில் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது கொஞ்சம். பாட்டிலில் ஊற்றி வைத்து, அத்தனை பாகங்களையும் கழுவிக் காயவைத்தேன். படுக்கப் போகும்போது பிள்ளை விழித்துக்கொண்டது. மறுபடி எழுந்து எடுத்தேன். புதுசாக எடுத்ததை ஆறவைத்துத்தான் பழைய குளிர்ந்த பாலோடு சேர்க்க வேண்டும் என்பதால் அதற்கும் காத்திருந்தேன். இப்படிச் சேர்ந்ததுதான் அந்த 120. அது சிங்க்கில் போக எத்தனை நொடி ஆகியிருக்கும்?

நேராகக் கொடுப்பதும் லேசு இல்லை. காம்பு வெடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தவள் நான். ஆனால் அங்கே எடுப்பதும் கொடுப்பதும் ஒரே வேலை. வாய் வைத்துக் குடித்தது, தூங்கியது, முடிந்தது. பம்ப் செய்கிறவளுக்கு எடுப்பது ஒரு வேலை, கொடுப்பது இன்னொரு வேலை, கழுவுவது மூன்றாவது வேலை. நடுவில் பிள்ளை அழுதால் டியூபோடு கட்டுண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். அதனோடு பெருக்கிப் பாருங்கள்.

யாரும் ஆசைக்காக இதைச் செய்வதில்லை. குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளை, வாய் பிடிக்காத பிள்ளை, வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டிய தாய் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் உண்டு. அதை யாருக்கும் அவள் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இதில் இன்னொரு கொடுமை, அளவு தெரிவது. நேராகக் குடிக்கும்போது யாரும் மில்லி கேட்பதில்லை. பாட்டிலில் கோடு போட்டிருப்பதால் வருகிற போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து “இவ்வளவுதானா?” என்கிறார்கள். பம்பில் வருவதுதான் சுரப்பின் அளவு என்று யார் சொன்னது? நன்றாக வாய் பிடித்து உறிஞ்சுகிற குழந்தை மெஷினைவிட நன்றாகவே எடுக்கும். புனலின் அளவு பொருந்தாவிட்டாலே வலியும் வரும், பாலும் குறையும். “இவ்வளவுதானா” என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அன்று முழுக்கப் பால் இறங்காமல் தவிப்பது நான்தானே!

பெரியம்மாவுக்கு எல்லாம் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு, “சரி விடும்மா, மறுபடி எடுத்துக்கலாம்ல” என்றார்.

மறுபடி! கோபம் தீரவே இல்லை. அந்தக் கோபத்தோடு பிள்ளைக்குச் சட்டை மாற்றப் போனால், முதுகுப் பக்கம் வரிசையாகப் பொத்தான். நாளெல்லாம் மல்லாந்தே கிடக்கிற பச்சைக் குழந்தைக்கு முதுகில் பொத்தான் வைத்துத் தைக்கச் சொன்னது யார்? அவரை முதலில் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள்.