இங்கே பருப்பு வேகாது

"குறைந்த செலவில் குடும்பத்துக்குச் சத்தான சாப்பாடு" என்று வாரத்துக்கு ஒரு வீடியோவாவது யாராவது அனுப்பிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு. தப்பில்லை, ஏழைக்கு எட்டுகிற புரதம் அதுதான். ஆனால் பேசுகிறவர் அடுப்பு சென்னையிலோ கோவையிலோ இருக்கிறது. அவர் பருப்பு இங்கே, நீலகிரி மலையில் கோத்தகிரியில், வேகாது. கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வேகாது.

மேலே ஏற ஏற, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம், தண்ணீர் கொதிக்கிற சூடு குறைந்துகொண்டே போகும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கோத்தகிரியில் எங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி கூட, அவ்வளவுதான். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாந்துபோவோம். சட்டியில் போட்ட துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கழித்தும் நறுக்கென்று கடிபடும். ரேஷனில் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். அதை வேகவைக்க எரியும் சிலிண்டரை யார் கணக்கில் எழுதுவது?

அதனால் என் பட்ஜெட் காய்க்கடையில் தொடங்குவதில்லை, அடுப்பில் தொடங்குகிறது. குக்கர் இல்லாமல் பயறு கிடையாது. ரப்பர் தளர்ந்தால் வேறு எதைக் குறைத்தாவது அன்றே புதிது வாங்கிவிடுவேன். விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரை இறக்கிப் பழைய கம்பளியில் சுற்றி வைத்தால் மிச்ச வேலையை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். புளி, தக்காளியெல்லாம் பயறு மசிந்த பிறகுதான். முன்னாடியே போட்டால் விறைத்துக்கொள்ளும், இன்னும் கால் மணி நேரம் கேஸ் போகும். ஒரு தடவை வேகவைத்தால் மூன்று வேளைக்கு ஓட்ட வேண்டும்: சுண்டல், குழம்பு, மறுநாள் கீரையோடு கடைசல். இந்தக் குளிரில் ஃப்ரிட்ஜ் இல்லாமலே தாங்குகிறது. கேஸில் பிடுங்குகிற ஊர் திருப்பித் தருவது அது ஒன்றைத்தான்.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டி முடித்தால் தோட்டத்தில் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட குச்சி, கிடைக்குமே, விறகடுப்பு மூட்டலாமே என்பார்கள். என் மாமியார் நாற்பது வருடம் அந்தப் புகையில் இருமியவர். எனக்கு வேண்டாம்.

வேகமாக வேகிறதை ஏன் விடுகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். எங்கள் லைனில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். அதே எடைப் பாலில் 120 சொச்சம். இதை வேண்டாமென்றுவிட்டு, பிள்ளை உயரமாக வளர டப்பா பவுடர் வாங்குகிறோம்! மாவாக அரைத்துவிட்டால் களி கிண்டப் பத்து, பதினைந்து நிமிடம். பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வீடுகளில் களியும் அவரைக்குழம்பும் எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது. அவர்களுக்கு வீடியோ தேவைப்படவில்லை.

எங்கள் வீட்டுச் சொத்து ரொட்டி. மாமியார் சின்னப் பெண்ணாக இலங்கையிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தவர். கோதுமை மாவில் தேங்காய் பிசைந்து தோசைக்கல்லில் தட்டிப்போடுவார். தேங்காய் கீழேயிருந்து மலையேறி வருகிறது, விலையும் கூடவே ஏறுகிறது. நான் பாதித் தேங்காயும் பாதிக் கேரட்டும் துருவிப் போடுகிறேன். கேரட் கழுவித் தரம் பிரிக்கிற இடத்தில் உடைந்ததும் கோணலும் மலிவாகக் கிடைக்கும். நேரானதெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும். மாமியாருக்கு இந்தக் கேரட் ரொட்டி பிடிக்காது. "இது ரொட்டியா, அல்வாவா?" என்று கேட்டுக்கொண்டே மூன்று சாப்பிடுவார்.

நாளைக்குத் தட்டைப்பயறு ஊறிக்கொண்டிருக்கிறது. எட்டு மணி நேரம் போதும் என்றார் வீடியோக்காரர். மதியம் போட்டது, ராத்திரி பத்தாகியும் நகத்தால் கிள்ளினால் இறங்கவில்லை.