டெனிஸ் என்று பெயர் வைத்தால் என்ன குற்றம்?

பிள்ளைக்கு டெனிஸ் என்று பெயர் வைக்கப் போகிறேன் என்று யாராவது எழுதினால் போதும், கூகுளில் தேடிவிட்டு ஒருவர் வந்துவிடுகிறார். "அது கிரேக்க சாராயக் கடவுளோட பேராச்சே, கிறிஸ்தவப் பிள்ளைக்கு எப்படி வைக்கலாம்?" என் கட்சி: தாராளமாக வைக்கலாம்.

தேடியவர் சொல்வது பொய் இல்லை. டயோனைசஸ் திராட்சைக்கும் மதுவுக்கும் உரிய கடவுள்தான். ஆனால் நாடகத்துக்கும் அவர்தான்; ஏதென்ஸில் சோக நாடகங்கள் போட்டி போட்டு அரங்கேறியதே அவருடைய திருவிழாவில். வெளியிலிருந்து பிந்தி வந்த சாமி என்றுதான் அறிஞர்கள் பலர் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கிரேக்க நாட்டின் பைலோஸ் என்ற ஊரில் கிடைத்த கிமு 13ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகளிலேயே அவர் பெயர் இருப்பது தெரிந்ததும் அந்தக் கதை அடிபட்டுப்போனது.

நம்மூர் சிவதாஸ், முருகதாஸ் மாதிரி அங்கே டயோனீசியஸ், அதாவது 'டயோனைசஸுக்கு உரியவன்'. அதுதான் பிரான்சில் தெனி, இங்கிலாந்தில் டென்னிஸ், போர்ச்சுகலில் ஒரு மன்னருக்கே தினிஸ். இதன் பெண்பால் பெயர் தேய்ந்து, குடும்பப் பெயராக மாறி, கடைசியில் ட்வைட் என்று வந்து நின்றது. அமெரிக்க அதிபர் ஐசனோவரின் முன்பெயர் அதுதான். அவரிடம் யாரும் போய்ச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை!

சரி, ஆதிக் கிறிஸ்தவர்கள் என்ன செய்தார்கள்? பைபிளில் அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏதென்ஸில் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்தவர்களில் ஒருவர் தியொனீசியு, அதாவது அதே டயோனீசியஸ். அவர் பெயரை மாற்றியதாக ஒரு வரி கிடையாது. பிலிப்பியர் நிருபத்தில் பவுல் சகோதரன் என்று அழைக்கும் எப்பாப்பிரோதீத்துவின் பெயருக்குள் இருப்பது கிரேக்கக் காதல் தெய்வமான அப்ரோடைட்டி தேவி. எனக்கு ரொம்பப் பிடித்தவர் 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த டயோனீசியஸ். விசுவாசிகள் பிள்ளைகளுக்குப் பவுல், பேதுரு என்று பெயர் வைக்கிறார்கள் என்று எழுதியவரே அவர்தான். எழுதிவிட்டு, தன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார். அதே நூற்றாண்டில் ரோமில் போப் ஒருவருக்கும் இதே பெயர்.

அப்புறம், கிபி என்று நாம் ஆண்டு எண்ணுகிறோமே, கிறிஸ்து பிறப்பிலிருந்து கணக்குப் போடும் அந்த முறையை 525 வாக்கில் உயிர்ப்பு ஞாயிறு அட்டவணைக்காக உருவாக்கிய துறவியின் பெயரும் டயோனீசியஸ்தான்.

பெயரை மேற்கு ஐரோப்பா முழுக்கப் பரப்பியது மதுக்கடவுள் அல்ல, பாரிஸில் தலை வெட்டப்பட்டு இறந்த ஆயர் புனித தெனி. வெட்டிய தலையைக் கையில் ஏந்தி நடந்தார் என்பது ஐதீகம். பிரெஞ்சு மன்னர்கள் வரிசையாக அடக்கமானது அவர் பெயரில் உள்ள பேராலயத்தில். பிள்ளைப் பெயர்த் தளங்களில் 'பொருள்: மது தெய்வம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்த ஆயருக்கு அங்கே இடமே இல்லை. என் எரிச்சல் முழுக்க அதில்தான்.

அவர் திருநாள் அக்டோபர் 9. அதையொட்டிப் பிறக்கிற பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம்.