சுவருக்கு வெளியே ஓர் எல்லை: லரேடோவின் ஹென்றி குவேயார்

அமெரிக்க–மெக்சிகோ எல்லை பற்றிய பேச்சு நம் செய்திகளில் சுவரில் தொடங்கிச் சுவரிலேயே முடிந்துவிடுகிறது. டெக்சாஸின் லரேடோ நகரைச் சேர்ந்தவரும் 2005 முதல் பிரதிநிதிகள் சபையில் இருப்பவருமான ஜனநாயகக் கட்சிக்காரர் ஹென்றி குவேயாரின் பணியைத் தொடர்ந்து கவனிக்கும் எனக்கு, எல்லையின் நடைமுறையைத் தீர்மானிப்பவை மேடைப் பேச்சுகளைவிட நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் உட்பிரிவுகளே என்று தோன்றுகிறது.

லரேடோவில் ரியோ கிராண்டே ஆற்றைக் கடக்கும் உலக வர்த்தகப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவின் உட்பகுதியிலிருந்து வரும் லாரி தன் டிரெய்லரை ஆற்றின் மெக்சிகோ கரையிலுள்ள நுவேவோ லரேடோவில் கழற்றிவிட, பாலம் தாண்டுவதற்கென்றே ஓடும் வேறொரு லாரி அதை அக்கரையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மூன்றாவது லாரி வடக்கே இழுத்துச் செல்லும். இந்தச் சங்கிலியில் சுங்கச் சோதனைக்குப் போதிய அதிகாரிகள் இல்லையென்றால் வண்டிகள் தேங்கிவிடும். அதனால்தான், சோதனைச் சேவைகளின் செலவை உள்ளூர் நிர்வாகங்களும் தனியாரும் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் மசோதாவைக் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் கார்னினுடன் சேர்ந்து குவேயார் முன்னெடுத்தார். அது 2016 டிசம்பரில் சட்டமானது. தொலைக்காட்சி விவாதத்துக்கு உதவாத இத்தகைய வேலையைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன்.

2019 நிதி மசோதாவைப் பேசித் தீர்த்த இரு அவைக் குழுவிலும் அவர் இருந்தார். வேலிக்கு 137.5 கோடி டாலர் ஒதுக்கிய அதே சட்டம், சான்டா அனா வனவிலங்குப் புகலிடத்திலும் லா லோமிட்டா தேவாலய வளாகத்திலும் தேசியப் பட்டாம்பூச்சி மையத்திலும் அந்தப் பணத்தில் வேலி எழுப்பக் கூடாது என்று தடுத்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் பேரம் பேசத் தெரிந்தவரின் கைவேலை.

குடியேற்றத்தில் அவருடன் என்னால் உடன்பட முடியவில்லை. துணையின்றி வரும் மத்திய அமெரிக்கக் குழந்தைகளுக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பைக் குறைத்து, மெக்சிகோ குழந்தைகளைப் போலவே அவர்களையும் விரைந்து திருப்பியனுப்ப வகைசெய்யும் மசோதாவை 2014இல் கார்னினுடன் அவர் கொண்டுவந்தார். அது நிறைவேறாதது நல்லது. சரக்குக்கான வரிசையைச் சுருக்குவதும் ஒரு குழந்தையின் விசாரணையைச் சுருக்குவதும் ஒன்றாகிவிடாது. இடம்பெயர்ந்து உழைத்த விவசாயத் தொழிலாளர்களின் மகன் இதை அறியாதவரல்லர். 2021இல், எல்லை தாண்டி வந்தவர்களைத் தடுத்துவைத்திருந்த டெக்சாஸின் டோனா முகாமில் பிளாஸ்டிக் தடுப்புகளுக்குள் குழந்தைகள் நெருக்கியடித்துப் படுத்திருந்த படங்களைத் தம் கட்சி அதிபரின் ஆட்சியிலேயே வெளியிட்டவரும் இவரே. மறு ஆண்டு, குடியேற்ற வழக்கறிஞர் ஜெசிகா சிஸ்னெரோஸை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் அவர் தப்பியது வெறும் 289 வாக்குகளில்.

2024இல் அவர்மீது லஞ்சக் குற்றச்சாட்டு பதிவானது; அவர் அதை மறுத்தார்; 2025 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். விசாரணை நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. தீர்ப்பு எதுவானாலும், அதை அறிந்து வாக்களிக்கும் உரிமை லரேடோ மக்களுக்கு இருந்தது.