கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது

ஒன்றரை மாதமாகத் தூங்கப் போகும்முன் நான் கடைசியாகப் பார்ப்பது ஒரு கிளிப்பெட்டியின் உள்ளேதான். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் பறவைக்கூடத்தில் கேமரா வைத்து இரவும் பகலும் நேரலையாகக் காட்டுகிறார். பட்ஜி ஜோடி. (லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவை, இது ஆஸ்திரேலியா. அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

நானும் ஒரு காலத்தில் வளர்த்தவன்தான். முட்டை வைத்துவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. நாளைக்கு ஐந்தாறு தடவை பெட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பேன். அக்கறை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் வெளியே வந்த தாய் திரும்ப உள்ளே போகவேயில்லை. ஐந்து முட்டையும் சில்லிட்டுப் போயின.

அதனால்தான் இந்தக் கேமரா எனக்குப் பெரிய விஷயம். அகச்சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் தாய்ப் பறவைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஆறு முட்டை. முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிட்டதால், 18 நாள் கணக்கில் ஒவ்வொன்றாகத்தான் பொரிந்தன. மூத்தது கண் திறக்கும்போது கடைக்குட்டி அப்போதுதான் ஓட்டை உடைக்கிறது. ரோமமே இல்லாமல், மூத்ததன் தலையளவுகூட இல்லை.

கூடப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதறிவிட்டார்கள். நசுங்கிடும், எடுத்து ஹேண்ட் ஃபீடிங் (சிரிஞ்சால் நாமே ஊட்டுவது) கொடுங்கள் என்று ஒரே கூச்சல். நல்லவேளை, அந்த மனிதர் அசையவில்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு நான் பார்த்தது: தாய் பெரியதுகளை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து கடைக்குட்டியை இழுத்தது. குட்டி மல்லாந்து கிடக்க, அலகோடு அலகு வைத்து ஊட்டியது. கழுத்தடியில் தீனிப்பை பட்டாணி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. நான் சிரிஞ்சோடு போயிருந்தால் என்ன செய்திருப்பேன்? தீவனம் சூடு கொஞ்சம் கூடினால் தீனிப்பை வெந்துபோகும், தவறி மூச்சுக்குழாயில் இறங்கினால் முடிந்தது கதை.

பெற்றவை கைவிட்டால் ஊட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு வாதமில்லை. என் கோபம், கையில் பழகட்டும் என்பதற்காகவே இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சைத் தூக்கிவிடுகிற வழக்கத்தின் மேல். வெனிசுவேலாவில் ஒரு சின்னக் கிளி இனத்தின் கூடுகளுக்குள் ஆராய்ச்சியாளர்கள் இப்படித்தான் கேமரா வைத்தார்கள். 2011இல் வெளியான ஆய்வு. ஒவ்வொரு குஞ்சுக்கும் பேர் மாதிரி ஒரு தனிக் கூவல் உண்டு. முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்தால், குஞ்சுகளின் கூவல் பெற்ற கிளிகளைப் போல இல்லை, வளர்த்த கிளிகளைப் போல இருந்தது. எல்லாக் கிளிக்கும் அப்படியே என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இருட்டுக்குள் தீனி மட்டும்தான் கைமாறுகிறது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இன்று காலை மூத்தது துளை வழியாகத் தலையை நீட்டியது. வெளிக் கேமராவில்தான் முதன்முதலாக நிறம் தெரிந்தது. அப்பா பச்சை, அம்மா பச்சை, இது நல்ல நீலம்! இரண்டு பேருக்குள்ளும் நீலம் ஒளிந்திருந்திருக்கிறது. பச்சை என்று பந்தயம் கட்டித் தோற்றாயிற்று. கடைக்குட்டி வெளியே வர இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுக்கும் பச்சை என்றே கட்டியிருக்கிறேன்.