திங்கட்கிழமை பூட்டிக் கிடந்த அரண்மனை வாசலில்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் சென்ற மாதம் குடும்பத்துடன் ஊருக்கு வந்திருந்தான். கடலும் விவேகானந்தர் பாறையும் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டன. "அண்ணே, நம்ம ஊர்ல நாடக அரங்கு, ஓவியக் கூடம்னு ஒண்ணுமே இல்லியா? சினிமா தியேட்டரை விட்டா போக்கிடம் கெடையாதா?" என்று கேட்டான். சற்று ரோஷத்துடனேயே அவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். வாசல் பூட்டியிருந்தது; அன்று திங்கட்கிழமை. தக்கலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது நினைவில்லாமல் போனதை எண்ணினால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த பிறகும் திருவிதாங்கூர் மன்னர்களின் இந்த அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. அவர்களுக்குத் திங்கள் விடுமுறை. கன்னியாகுமரியில் உள்ள நம் அரசு அருங்காட்சியகத்துக்கோ வெள்ளி விடுமுறை.

குமரி மாவட்டத்துக்குக் கலை பார்க்க வருகிறவர்கள் வரைபடத்தை விரிப்பதற்கு முன் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது என் கருத்து.

அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடலுக்கும் பாடலுக்கும் என்றே கட்டப்பட்ட அரங்கு அது. கல்தூண்களின் நிழல் விழும் அளவுக்கு மெருகேற்றிய கருந்தரை, அரச குடும்பத்துப் பெண்கள் மறைந்திருந்து பார்ப்பதற்கான துளைகளிட்ட தடுப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால், நவராத்திரிக்கு அங்கே போனால் பக்கத்துக் கோயிலின் சரஸ்வதியே ஊரில் இருப்பதில்லை. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் உடன்வர, அவள் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்குச் சென்றுவிடுகிறாள். ஆகவே நவராத்திரிக்கு முன்பாக, உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்து அம்மனை யானைமீது வழியனுப்பும் நாளில் வருவதே உசிதம். உப்பரிகை மாளிகையின் உச்சி மாடத்தில் உள்ள சுவரோவியங்களைப் பார்ப்பதற்கு மட்டும் எந்த நாளும் உதவாது. பொதுமக்களை அங்கே விடுவதில்லை. பழைய மரப்படிகள் கூட்டத்தைத் தாங்காது என்பது புரிகிறது. அதனால்தான், அந்த ஓவியங்களின் தரமான பிரதிகளை வைப்பதற்காகவேனும் நாகர்கோவிலில் ஓர் ஓவியக் கூடம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

மூலத்தையே பார்த்தாக வேண்டும் என்பவர்கள் குலசேகரத்துக்கு அருகில் உள்ள திருநந்திக்கரைக் குடைவரைக்குப் போகலாம். அங்கிருப்பவை 9, 10ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் என்று கருதப்படுகின்றன. உள்ளே நுழைந்ததும் அங்கங்கே சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த பாறைதான் தெரியும், "இதற்கா வந்தோம்?" என்று பலர் அந்த நிமிடமே திரும்பிவிடுகிறார்கள். சற்று நேரம் நின்று கண் இருட்டுக்குப் பழகினால், பூச்சு மிஞ்சியிருக்கும் இடத்தில் முதலில் ஒரு கோடு, பிறகு அது ஒரு முகத்தின் புருவம் என்று மெல்லத் துலங்கும்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களின்போது இரவில் கதகளி நடக்கிறது. தமிழ்நாட்டில் கதகளியா என்று புருவத்தை உயர்த்துபவர்களுக்கு ஒரு செய்தி: கதகளிக்கான பாடல் நாடகங்களாகிய ஆட்டக்கதைகள் பலவற்றையும் 'பாலராமபரதம்' என்ற நாட்டிய நூலையும் எழுதிய கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, 1758 முதல் 1798 வரை திருவிதாங்கூரை ஆண்டவர்; 1795இல் தலைநகர் இடம்பெயரும்வரை அவருடைய தலைநகர் இந்தப் பத்மநாபபுரம்தான். கதகளி இங்கே விருந்தாளி அல்ல.

எங்கள் மாவட்டத்தில் வில்லுப்பாட்டுக்குக் கோயில் கொடை விழாக்களை விட்டால் வேறு அரங்கு இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பேன். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கையில் எடுத்துக் காந்தியின் கதையை மேடைதோறும் பாடினார். அதன்பின் சபாக்களுக்கும் வில் புதிதல்ல. என்றாலும், இசக்கியம்மன் கோயில் முற்றத்தில் 'பத்தி' எனப்படும் கமுகம்பாளை மட்டையால் குடத்தின் வாயை அறையும் அந்த 'தும்' ஓசை நெஞ்சுக்குள் இறங்க, வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் சிலிர்க்க, நீலி கதையைக் கேட்பதற்கு எந்தக் குளிர்சாதன அரங்கும் ஈடாகாது. தோல்பாவைக்கூத்தின் நிலை வேறு. இருபுறமும் வண்ணம் தீட்டிய ஆட்டுத்தோல் பாவைகளை ஒருவரே ஆட்டி, இராமனுக்கும் இராவணனுக்கும் அனுமனுக்கும் குரல் கொடுக்கும் இந்தக் கலை இன்று அரசு விழாக்களையும் பள்ளி ஆண்டு விழாக்களையும் நம்பியிருக்கிறது. வில்லுக்கு வேண்டாம் என்ற நிரந்தர அரங்கைப் பாவைக்கூத்துக்குக் கட்டாயம் கேட்பேன். மாதம் ஒரு நாள் நிச்சயமாக நடக்கும் என்று தெரிந்தால் வெளியூர்க்காரர்கள் அதற்கேற்பப் பயணத்தை அமைத்துக்கொள்வார்கள்.

தம்பி ஐப்பசித் திருவிழாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான். பிள்ளைகளுக்கு உட்கார ஒரு ஜமக்காளமும் போர்த்திக்கொள்ளப் போர்வையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அரண்மனைக்குப் போவதாகவும் திட்டம். அது திங்கட்கிழமை இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொண்டேன்.